பேச்சாளர் சதுக்கம், ஹோங் லிம் பூங்கா: புல்தரை முடியும் இடத்தில் அனுமதியும் முடிகிறது

சிங்கப்பூரில் காவல்துறை அனுமதிக்கு விண்ணப்பிக்காமல், வெட்டவெளியில் நின்று அரசாங்கக் கொள்கை ஒன்றைப் பற்றிப் பேசவோ பதாகை பிடிக்கவோ ஓர் இடம்தான் இருக்கிறது: ஹோங் லிம் பூங்காவிலுள்ள பேச்சாளர் சதுக்கம். கட்டணம் கிடையாது. பதிவு இணையத்திலேயே முடிந்துவிடும். கிளார்க் கீ எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, பேசப்போவது உள்நாட்டு விவகாரமாகவும் மதம், இனம் கலக்காததாகவும் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும் சேவை இது. இவற்றில் ஒன்று பிசகினாலும் பயன் இல்லை. சில சமயம் நீதிமன்றம் வரை இழுத்தும் விடும்.

இங்கே உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். மேடையோ பாதுகாப்போ மற்றச் சட்டங்களிலிருந்து விலக்கோ இங்கே தரப்படுவதில்லை. 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் கேட்கும் காவல்துறை அனுமதி தேவைப்படாது, அவ்வளவுதான். அது சின்ன விஷயமும் இல்லை. ஒரு நோக்கத்தை ஆதரித்தோ எதிர்த்தோ பொது இடத்தில் நிற்பவர் ஒருவர்தான் என்றாலும் அந்தச் சட்டத்தின்படி அது ‘பொதுக்கூட்டம்’. சமூக ஆர்வலர் ஜோலோவன் வாம் 2018 டிசம்பரில் அரசு நீதிமன்றக் கட்டடத்தின் வெளியே ஓர் ஏ4 தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நேரம் நின்றார். 2022 பிப்ரவரியில் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதிக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் கூட்டம் ஏற்பாடு செய்பவருக்கு முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம். மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கலந்துகொள்பவருக்கு முதல் முறை 3,000 வெள்ளி வரை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஹெக்டருக்கும் சற்றே குறைவான இந்தப் பூங்காவின் மதிப்பு புரியும்.

1950, 60களில் தேர்தல் கூட்டங்களுக்குப் பெயர்போன இடம் ஹோங் லிம். பேச்சாளர் சதுக்கமாக அது திறக்கப்பட்டது 2000 செப்டம்பர் 1ஆம் தேதி. அப்போது பக்கத்திலிருந்த காவல் சாவடிக்கு நேரில் போய்ப் பதிய வேண்டும். காலை 7 முதல் இரவு 7 வரைதான் பேசலாம். ஒலிபெருக்கி கூடாது. 2008 செப்டம்பர் 1 முதல் ஆர்ப்பாட்டங்களுக்கும் வழிவிட்டார்கள். நிர்வாகம் தேசியப் பூங்காக் கழகத்தின் கைக்குப் போனது, பதிவு இணையத்துக்கு மாறியது. மறுவருடமே கண்காணிப்புக் கேமராக்கள் வந்தன. இன்று நீங்கள் காண்பது பெரும்பாலும் அந்த 2008 ஏற்பாடுதான். மேலே 2016, 2017இல் போட்ட பூட்டுகள்.

பதிவில் கவனம் தேவை. பேசுவதற்கான பதிவு வேறு, ஆர்ப்பாட்டத்துக்கான பதிவு வேறு. பலர் இதை ஒரே விஷயம் என்று நினைக்கிறார்கள். பேச்சுக்கு மட்டும் பதிந்துவிட்டு, பேச்சு முடிந்ததும் கூட்டத்தோடு முழக்கமிட்டுப் பூங்காவைச் சுற்றி வந்தால் அது அனுமதியில்லாத ஆர்ப்பாட்டம். 2014 செப்டம்பர் 27ஆம் தேதி மத்திய சேம நிதி (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) தொடர்பாக நடந்த கூட்டம் இப்படித்தான் வழக்கானது. அன்று அதே பூங்காவில் ஒய்எம்சிஏ அமைப்பு சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான விழா ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. பொதுத் தொல்லை, அனுமதியின்றி ஆர்ப்பாட்டம் என்ற குற்றச்சாட்டுகளில் 2016 ஜூனில் கூட்டத்தின் ஏற்பாட்டாளர் ஹான் ஹுய் ஹுய்க்கு 3,100 வெள்ளி, வலைப்பதிவர் ராய் ஙெர்ங்குக்கு 1,900 வெள்ளி அபராதம். அன்றைய விதிப்படி 2,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் அபராதம் பெற்றவர் ஐந்து ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது. எனவே முதல் தொகை ஒருவரைத் தேர்தலிலிருந்து விலக்கியது, இரண்டாவது விலக்கவில்லை. (இந்த வரம்பை 2022இல் 10,000 வெள்ளியாக உயர்த்தினார்கள்.)

ஆகவே முழக்கம், பதாகை, ஊர்வலம் இவற்றில் எதற்காவது சிறு வாய்ப்பு இருந்தாலும் ஆர்ப்பாட்டம் என்றே பதியுங்கள். அதே நாள், அதே நேரத்தில் பூங்காவில் வேறு நிகழ்ச்சி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு, இருந்தால் தேதியை மாற்றுங்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உங்களுக்கும் உரிமை உண்டு என்று வாதாடலாம்தான். ஆனால் பொதுத் தொல்லை என்ற குற்றச்சாட்டுக்கு அந்த வாதம் பெரிதாக உதவாது. தலைப்பைப் பொதுவாக எழுதாமல் ஒரே வரியில் தெளிவாக எழுதுவது நல்லது. ஏற்பாட்டாளர் என்று பெயர் கொடுத்தவர் நிகழ்ச்சி தொடங்கி முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் பெயருக்கான ஏற்பாட்டாளர்கள் இங்கே செல்லுபடியாக மாட்டார்கள்.

யார் வரலாம் என்ற கேள்விதான் இந்தச் சேவையின் மிகக் கசப்பான பகுதி. ஏற்பாடு செய்வதும் பேசுவதும் குடிமக்களுக்கு மட்டும். நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம், பேசக் கூடாது. மற்ற எல்லாரும் காவல்துறை அனுமதி பெற வேண்டும். பேச்சு நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதிலும் இருக்கலாம், தமிழிலும்தான். பூங்காவில் தமிழில் பேசத் தடை ஏதுமில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை அனுமதியில் கட்டுமானத் தளத்தில் உழைக்கும் தொழிலாளி தன் சம்பள பாக்கியைப் பற்றி அங்கே தமிழில் வாய் திறக்க முடியாது. அவருக்காகக் குடிமகன் ஒருவர் பேசலாம். அந்தத் தொழிலாளி கூட்டத்தில் நிற்பதும் சிக்கல்தான். சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு, கூட்டத்தில் கலந்துகொள்பவருக்கும் ‘சும்மா வேடிக்கை பார்ப்பவருக்கும்’ வேறுபாடு இல்லை என்று காவல்துறை தெளிவாகவே சொல்லிவிட்டது. வெளிநாட்டு நண்பர்களை “வந்து பாருங்கள், பேச வேண்டாம்” என்று அழைப்பவர்கள் அவர்களுக்கு உதவி செய்யவில்லை.

இதைப் பெரிய அளவில் சமாளித்துக் காட்டியது பிங்க் டாட். 2009 மே மாதம் ஏறத்தாழ 2,500 பேரோடு இதே புல்தரையில் தொடங்கிய ஓரினச் சேர்க்கையாளர் ஆதரவு நிகழ்ச்சி அது. 2016 நவம்பர் முதல் சிங்கப்பூர் அல்லாத நிறுவனங்கள் நன்கொடை தரவும் அனுமதி வேண்டும் என்றானதும் கூகல், பேஸ்புக் போன்ற பன்னாட்டு ஆதரவாளர்கள் கைநழுவினார்கள். அந்த இடத்தை நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிறுவனங்கள் நிரப்பின. 2017இல் பூங்காவைச் சுற்றித் தடுப்பு வேலி போட்டு, நுழைவாயில் ஒவ்வொன்றிலும் அடையாள அட்டை பார்த்து உள்ளே விட்டார்கள். வேலிக்கும் காவலாளிகளுக்கும் ஆகும் செலவு ஏற்பாட்டாளர் தலையில்தான். ஐம்பது பேர் கூடும் கூட்டத்துக்கு இத்தனை வேண்டாம். ஆனால் ‘குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்’ என்ற அறிவிப்புப் பலகையைப் பூங்காவுக்கு உள்ளே வரும் வழிகளில் வைப்பதும், அழைப்பிலேயே அதை எழுதுவதும் அவசியம். பின்னால் கேள்வி எழுந்தால் எடுத்துக்காட்ட இவையாவது இருக்கும்.

வெளிநாட்டுப் பேச்சாளரைத் தொலைவிலிருந்தே திரையில் காட்டிவிடலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். வேண்டாம். நேரலை, முன்கூட்டியே ஒளிப்பதிவு செய்த காணொளி இரண்டுக்கும் இதே கட்டுப்பாடுதான். பூங்காவை விட்டுவிட்டு அறைக்குள் போனாலும் தப்ப முடியாது. வெளியிலிருந்து காணவோ கேட்கவோ முடியாத மூடிய இடத்தில் நடக்கும் கூட்டத்துக்கு அனுமதி தேவையில்லை என்பது உண்மை. ஆனால் பேசுபவர் அனைவரும் குடிமக்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கும் உண்டு. 2016 நவம்பரில் ஹாங்காங் ஜனநாயகப் போராளி ஜோஷுவா வோங்கை ஸ்கைப் வழியாகப் பேசவைத்த கூட்டத்துக்காக மேலே சொன்ன ஜோலோவன் வாம் 2019இல் தண்டிக்கப்பட்டார். கூட்டத்துக்கு 2,000 வெள்ளி, காவல்துறை வாக்குமூலத்தில் கையெழுத்திட மறுத்ததற்கு 1,200 வெள்ளி. அபராதத்தைவிட இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். விசாரணை அறையில் எதில் கையெழுத்திட மறுக்கலாம், எதில் கூடாது என்பதை முன்பே வழக்கறிஞரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பேசுபொருளில் ஒரு சுவர் இருக்கிறது: மதத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடக் கூடாது, இனங்களுக்கோ மதங்களுக்கோ இடையே பகையை மூட்டக்கூடியது எதுவும் கூடாது. இந்த ‘மறைமுகமாக’ என்ற சொல் ரொம்ப தூரம் போகும். தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் இருந்த தடையும் 2016இல் வந்த தளர்வும் ஒரு தமிழ்ச் சிங்கப்பூரருக்கு விதிமுறை, ஒலி அளவு, போக்குவரத்து பற்றிய கேள்விகள்தான். சதுக்கத்தின் நிபந்தனைகளைப் பொறுத்தவரை அது மத விவகாரம். அங்கே பேச நினைத்தால் பூங்காப் பதிவு போதாது, காவல்துறையிடம் போக வேண்டும். கல்வி, வீட்டு விலை, சேம நிதி, மக்கள்தொகைக் கொள்கை, மரண தண்டனை எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம். மக்கள்தொகை வெள்ளை அறிக்கைக்கு எதிராக 2013 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானோர் கூடியது இங்கேதான். மரண தண்டனைக்கு எதிராக 2022 ஏப்ரலில் நூற்றுக்கணக்கானோர் கூடியதும், அதே மாத இறுதியில் மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் தூக்கிலிடப்படும் முன் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றதும் இங்கேதான்.

இடவசதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்கலத்தில் இயங்கும் கை ஒலிபெருக்கி போன்றவற்றைக் காலை 9 முதல் இரவு 10.30 வரை பயன்படுத்தலாம். மின் இணைப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள், மாற்று மின்கலம் கொண்டுபோங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் புல்தரை சேறாகிவிடும். வன்முறை, ஆபாசம் இல்லாதவரை பதாகைக்குத் தடையில்லை.

சதுக்கம் எப்போது மூடப்படும் என்பதை அறிவிப்பு வரும்வரை யாரும் சொல்ல முடியாது. இதைப் பெரிய குறையாகவே கருத வேண்டும். அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும், பூங்கா சாதாரணப் பூங்காவாகிவிடும். 2011 பொதுத் தேர்தலின்போது அப்படித்தான் ஆனது. அரசியலைப் பற்றிப் பேச ஆள் அதிகம் இருக்கும் காலத்தில் பேசும் இடம் இல்லை! 2015 மார்ச்சில் லீ குவான் இயூ மறைந்தபோது பூங்கா அஞ்சலி இடமாக்கப்பட்டது, அனுமதி விலக்கு நிறுத்தப்பட்டது. கொவிட் காலத்தில் 2020 ஏப்ரல் முதல் 2022 மார்ச் இறுதிவரை மூடியிருந்தது. 2023 அக்டோபரில் இஸ்ரேல்–ஹமாஸ் போர் தொடர்பான எந்தக் கூட்டத்துக்கும், சதுக்கம் உட்பட, அனுமதி தரப்படாது என்று காவல்துறையும் பூங்காக் கழகமும் சேர்ந்து அறிவித்தன. உலக நிகழ்வு ஒன்றைப் பற்றி உடனடியாகக் கூட நினைப்பவர்கள் இந்த இடத்தை நம்பித் திட்டமிடக் கூடாது.

எல்லை விஷயத்துக்கு வருவோம். விலக்கு பூங்காவின் எல்லைக்குள் மட்டும். நடைபாதையில் கால் வைத்தால் பொது ஒழுங்குச் சட்டம் திரும்பி வந்துவிடும். ஓவியரும் நிகழ்கலைஞருமான சீலன் பாலாய் 2017 அக்டோபர் 1ஆம் தேதி ஹோங் லிம் பூங்காவில் முறைப்படி அனுமதி பெற்று ஒரு நிகழ்வைத் தொடங்கினார். விசாரணையின்றி 32 ஆண்டு சிறையிலும் கட்டுப்பாட்டிலும் கழித்த சியா தை போவைப் பற்றியது அது. கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியுடன் அங்கிருந்து நாடாளுமன்றக் கட்டடம் வரை நடந்துபோய் நின்றார். முழக்கம் இல்லை, கூட்டம் இல்லை. அனுமதியற்ற ஊர்வலம் என்று 2018இல் 2,500 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட மறுத்து இரண்டு வாரம் சிறை போனார். பூங்காவுக்குள் அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. சாலையைக் கடந்ததுதான் குற்றம். கூட்டம் முடிந்து எம்ஆர்டிக்குப் போகும்போது பதாகையைச் சுருட்டிப் பையில் வைக்கச் சொல்வதும், ஒரே நிறச் சட்டையில் வரிசையாக நடக்க வேண்டாம் என்று சொல்வதும் மிகை எச்சரிக்கை அல்ல.

பூங்காவுக்கு இன்னொரு எல்லையும் உண்டு: இணையம். அங்கே பேசுவது பெரும்பாலும் கைப்பேசிவழி நேரலையாகப் போகிறது. போன கணத்தில் வேறு சட்டங்கள் தொடங்குகின்றன. பூங்காவில் பேசினாலும் இணையத்தில் எழுதினாலும் அவதூறுச் சட்டத்திலிருந்து விலக்கு எப்போதும் இல்லை. சேம நிதிக் கூட்டங்களால் அறியப்பட்ட ராய் ஙெர்ங் தன் வலைப்பதிவில் எழுதியதற்காக அன்றைய பிரதமர் லீ சியன் லூங் தொடுத்த வழக்கில், 2015இல் 150,000 வெள்ளி இழப்பீடு தர உத்தரவானது. பூங்கா வழக்கின் 1,900 வெள்ளியோடு இதை ஒப்பிட்டால் எங்கே ஆபத்து அதிகம் என்று தெரியும்.

செய்தித் தளங்களுக்கு 2013 ஜூன் 1 முதல் தனி உரிமம். மாதம் சராசரியாக 50,000 வேறுவேறு சிங்கப்பூர் இணைய (ஐபி) முகவரிகளிலிருந்து வாசகர் வரும், வாரம் ஒரு சிங்கப்பூர்ச் செய்தியாவது போடும் தளம் என்றால் 50,000 வெள்ளி பிணைத்தொகை கட்ட வேண்டும். உத்தரவு வந்தால் 24 மணி நேரத்தில் பதிவை நீக்க வேண்டும். இந்த உரிம விதியை எதிர்த்து ஒரு வாரத்தில் வலைப்பதிவர்கள் கூடியது வேறெங்கும் இல்லை, ஹோங் லிம்மில்தான்.

தனிநபருக்கு முக்கியமானது 2019 அக்டோபர் 2ஆம் தேதி நடப்புக்கு வந்த பொஃப்மா, அதாவது இணையத்தில் பொய்த் தகவல் பரவுவதைத் தடுக்கும் சட்டம். அப்போது சட்ட அமைச்சராக இருந்த கா. சண்முகம் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த சட்டம். ஒரு பதிவில் பொய்யான தகவல் இருக்கிறது, அதில் தலையிடுவது பொது நலன் என்று எந்த அமைச்சர் கருதினாலும் உத்தரவிடலாம். முதலில் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. பெரும்பாலும் வருவது திருத்த உத்தரவு. பதிவை நீக்கச் சொல்வதில்லை. அரசின் விளக்கத்துக்கான இணைப்போடு, இதில் பொய்த் தகவல் உள்ளது என்ற அறிவிப்பைச் சேர்க்க வேண்டும். மறுத்தால் தனிநபருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மேல்முறையீடு நடக்கும்போதும் உத்தரவு நடப்பில் இருக்கும். எனவே அறிவிப்பைப் போட்டுவிட்டு வழக்காடுவதுதான் நடைமுறை.

மேல்முறையீடு இரண்டு படி. முதலில் உத்தரவிட்ட அதே அமைச்சரிடமே அதை மாற்றவோ ரத்து செய்யவோ விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வேலை நாளில் பதில் வர வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் உயர் நீதிமன்றம். மனுக் கட்டணம் 200 வெள்ளி, முதல் மூன்று நாள் விசாரணைக்குக் கட்டணம் இல்லை. இந்தப் பகுதியை நேர்மையாகப் பாராட்டலாம், விலை குறைவு, வேகமும் உண்டு. ஆனால் நீதிமன்றம் பார்ப்பது மூன்றே மூன்று: நீங்கள் அதைச் சிங்கப்பூரில் பரப்பவில்லை, அல்லது அது தகவல் கூற்றே அல்ல / உண்மையான கூற்று, அல்லது உத்தரவை நிறைவேற்றத் தொழில்நுட்ப ரீதியாக இயலாது. பொது நலனா இல்லையா என்ற விவாதம் இந்தப் பட்டியலில் இல்லை. 2021 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது திருத்த உத்தரவுகளை எதிர்த்து வழக்காடிய எதிர்க்கட்சியான சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது ஒரு பகுதி வெற்றிதான்.

இந்த மூன்று காரணங்களிலிருந்து எழுதும் முறையையும் கற்றுக்கொள்ளலாம். கருத்தையும் தகவலையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். “இந்தக் கொள்கை ஏழைகளுக்கு அநியாயம்” என்பது கருத்து. “இந்தக் கொள்கையால் வேலையிழப்பு கூடியது” என்பது தகவல், அதற்குப் புள்ளிவிவரம் கையில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் மூன்று வெவ்வேறு கூற்றுகளுக்கு உத்தரவு வந்தால் பக்கத்தையே ‘அறிவிக்கப்பட்ட இணைய இடம்’ ஆக்கலாம். பிறகு அந்தப் பக்கத்தால் பணம் பெற முடியாது. மரண தண்டனைக்கு எதிராக இயங்கும் ஒரு குழுவின் பக்கங்களுக்கு 2024 டிசம்பரில் இது நேர்ந்தது. நன்கொடையில் இயங்கும் சிறு அமைப்புகள் அபராதத்தைவிட இதற்கே அதிகம் பயப்பட வேண்டும்.

பூங்காவில் பேசப்போகிறவர் உரையை முழுதாக எழுதிவைத்து, அதிலுள்ள தகவல் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆதாரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. நேரலையின் முழுப் பதிவைத் தனியே சேமியுங்கள். வெட்டி ஒட்டிய துண்டை வேறு யாரோ பரப்பி அதன்மேல் உத்தரவு வந்தால், நீங்கள் உண்மையில் என்ன சொன்னீர்கள் என்பதைக் காட்ட அது வேண்டும். பதிவு உறுதி மின்னஞ்சலை அச்சிட்டு எடுத்துப்போங்கள். அதில் ‘பேச்சு’ என்று இருக்கிறதா, ‘ஆர்ப்பாட்டம்’ என்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் இன்னொரு முறை பாருங்கள்.